கடிகாரத்துக்குப் பின்னால் ஒன்பது கடிதங்கள்

லியானின் போன் மறுபடியும் சிணுங்கியது.

காலை ஏழு மணி. டேரன் மகளுக்கு ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தான். கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சமையலறை ஜன்னலோரம், சார்ஜர் செருகியபடியே அந்தப் போன் ஐந்தரை மாதமாகக் கிடக்கிறது. யாரும் அதைத் தொடக் கூடாது. சார்ஜ் மட்டும் குறையக் கூடாது.

'அன்புள்ள லியான், ஐவியின் இடம் தொடர்பாக இன்றே எங்களைச் சந்திக்கவும்.'

நர்சரியிலிருந்து வந்த செய்தி. அங்கே பதிவாகியிருப்பது அம்மாவின் எண்தான். மாற்றச் சொல்ல டேரனுக்கு நா எழவில்லை. மாற்றட்டுமா என்று கேட்க அவர்களுக்கும் நா எழவில்லை.

"கஞ்சி கருகுது" என்றாள் ஐவி, உயர நாற்காலியில் உட்கார்ந்தபடி. வயது இரண்டரை. பேச்சு மட்டும் ஐம்பது.

முதல் வாரத்திலிருந்து இந்தத் தொடரோடு கூட வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். நடுவில் வந்து ஏறிக்கொண்டவர்களுக்காக நாலு வரி. டேரன் யார்க் நகரில் பேருந்து ஓட்டுகிறான். மனைவி லியான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். அக்டோபர் பதினான்காம் தேதி காலை "வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள், மத்தியானம் விட்பி போகிற மலைப்பாதையில் கார் உருண்டு செத்துப்போனாள். மருத்துவமனை இருப்பது வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில். விட்பி கடற்கரை ஊர், நாற்பது மைலுக்கு அப்பால். அன்று அவள் உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொல்லியிருந்தாளாம்.

அந்தப் பாதையில் அவளுக்கு என்ன வேலை? போலீஸ் கேட்டது. டேரன் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவன் ஒவ்வொரு முறையும் பேருந்தின் கதவைத் திறக்கும்போது, அவள் ஏறி வந்து பதில் சொல்லிவிடுவாள் என்றுதான் அவனுக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தோன்றுகிறது.

*

நர்சரி வாசலில் ஐவி கோட்டைக் கழற்றி, தன் கொக்கியில் தானே மாட்டினாள். ஒவ்வொரு குழந்தையின் கொக்கிக்கு மேலும் ஒரு படம். ஐவிக்கு முள்ளெலி. மாட்டி முடித்ததும் அதன் மூக்கை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் உள்ளே ஓடுவாள்.

இந்தக் கொக்கியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அம்மா போன பிறகு ஏழு வாரம் அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் பார்த்தார், அந்த அம்மாள் பார்த்தார், இந்த அம்மாள் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. டிசம்பரில் ஒரு நாள் புதிதாக வந்த பையன் ஒருவன் முள்ளெலிக் கொக்கியில் தன் தொப்பியை மாட்டிவிட்டான். ஐவி அவன் எதிரே போய் நின்று, "என்னோடது" என்றாள். அதைக் கேள்விப்பட்ட அன்று டேரன் தன் பேருந்தை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, பயணிகள் பார்க்கப் பார்க்க அழுதான்.

"டேரன், ஒரு நிமிஷம் உள்ள வாப்பா" என்று கூப்பிட்டாள் மோரீன்.

நர்சரியை நடத்துகிறவள் அவள்தான். முப்பது வருஷமாக மூக்கு துடைத்துவிட்ட கை. கதவைச் சாத்தினாள்.

"நானும் மூணு செய்தி அனுப்பிட்டேன். பாக்கவே மாட்டியா?"

"அது லியான் போன்."

"தெரியும்." அவள் குரல் தணிந்தது. "ஐவிக்கு வாரம் முப்பது மணி நேரம் அரசாங்கம் கொடுக்குதில்ல, அதுக்கான நம்பர் பிப்ரவரி அஞ்சோட செத்துப்போச்சு." சொன்ன வார்த்தையை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். "காலாவதி ஆயிடுச்சு. பருவம் முடியற வரைக்கும் போனாப் போகுதுன்னு விட்டு வெச்சிருந்தாங்க. இன்னிக்கி மார்ச் முப்பத்தொண்ணு. இன்னியோட அதுவும் சரி."

"மூணு மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். தெரியும். நவம்பர்ல புதுப்பிச்சேனே!"

"எப்படிப் புதுப்பிச்சே?"

டேரன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"லியான் கணக்குல போய்த்தான். உங்க நிலைமையில ஏதாவது மாறியிருக்கான்னு கேட்டுச்சு. ஒண்ணும் மாறலைன்னு அமுக்கினேன்."

மோரீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தான். அவள் திட்டவில்லை.

அடக்கம் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை அப்போது. பொத்தானை அமுக்கியதும் 'நன்றி, லியான்' என்று திரையில் வந்தது. எங்கோ ஓர் அரசாங்கக் கணினிக்குள் அவள் காலையில் எழுந்து, வேலைக்குப் போய், சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் அப்படி இருந்தாள். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்வதென்றால், அது ஒன்றுதான் அவனுக்குச் சந்தோஷம். பிப்ரவரியில் மறுபடி அமுக்கியபோது அந்தக் கணினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'உங்கள் சம்பளத்தை உறுதி செய்ய முடியவில்லை' என்றது. இரண்டாவது தடவை யாரோ வந்து சாவுச் செய்தி சொன்ன மாதிரி இருந்தது அவனுக்கு. மடிக்கணினியை மூடி வைத்தவன் அதன் பிறகு திறக்கவில்லை.

"என்னைப் பிடிச்சுட்டுப் போவாங்களா?"

"உன்னைப் பிடிச்சுட்டுப் போய் என்ன பண்ண? பஸ்ஸு எவன் ஓட்டுவான்?" என்றாள் மோரீன். "இங்க பாரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் இருந்தா ரெண்டு பேருக்கும் வேலை இருக்கணும். தனி ஆளா இருந்தா உன் வேலை மட்டும் போதும். உன் பேர்ல புதுசா விண்ணப்பம் போடு. பதினோரு இலக்கத்துல ஒரு நம்பர் வரும். அதை எங்கிட்ட சொல்லு. அது இன்னிக்குத் தேதியில வந்திருக்கணும். நாளைக்கு வந்தா அடுத்த பருவம் முழுக்கக் கிடையாது, செப்டம்பர்லதான்."

"நாளைக்கே வந்தா ஒரு நாள்தானே..."

"ஒரு நாள்னாலும் ஒரு மணி நேரம்னாலும் கிடையாதுப்பா. சட்டம் நான் போடல. ஆறு மணிக்கு நான் பட்டியல் அனுப்பணும். காத்திருக்கறவங்க இருபத்தி மூணு பேர். மொத ஆளு ஒரு நர்ஸம்மா, வாரம் ரெண்டு தடவை அழுதுகிட்டே போன் பண்ணுது. உன் நம்பர் வராம இடத்தைப் பிடிச்சு வெச்சா நான் அதுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

கையிலிருந்து கட்டணம் கட்டிச் சேர்க்கலாமே என்பீர்கள். பேருந்து ஓட்டுகிறவன் சம்பளம் அதற்குத் தாங்காது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரலாம். அப்போது அந்த முள்ளெலி வேறு ஒரு குழந்தைக்குப் போய்விடும், ஐவியின் வாயும் மறுபடி மூடிக்கொள்ளும்.

*

அன்று அவனுக்கு ஓய்வு நாள். வீட்டுக்கு வந்து பிரிட்ஜ்மேல் கிடந்த மடிக்கணினியைத் தூசி தட்டித் திறந்தான். தன் பெயரில் கணக்குத் தொடங்கவே பதினொன்றாகிவிட்டது. பாஸ்போர்ட்டைக் காட்டு என்றது, முகத்தைக் காட்டு என்றது, தலையை இப்படித் திருப்பு அப்படித் திருப்பு என்றது. கடைசியில், 'இந்தக் குழந்தை ஏற்கனவே வேறொரு கணக்கில் உள்ளது. உதவி எண்ணை அழைக்கவும்' என்றது.

ஒரு மணி நேரம் காத்திருக்க வைத்து, காதில் பியானோ வாசித்துவிட்டு ஒரு பெண் எடுத்தாள். நியூகாசில் பக்கத்துப் பேச்சு. விஷயத்தைச் சொன்னான். இறந்துவிட்டாள் என்கிற வார்த்தை வரவில்லை. "இப்ப இல்லை" என்று மட்டும் சொன்னான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். அந்தக் கணக்கை நான் மூடித் தரேன். பிப்ரவரி கடைசியில அவங்க பேருக்கு எங்ககிட்டருந்து ஒரு கடிதம் வந்திருக்கும். மேல வலது பக்கம் ஒரு எண் இருக்கும். அதைப் படிக்கிறீங்களா?"

டேரன் நிமிர்ந்து பார்த்தான். கணப்புக்கு மேலே இருந்த மாடத்தில், கடிகாரத்துக்குப் பின்னால், ஒன்பது கடிதங்கள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

இதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டேரனின் அப்பா முப்பத்தாறு வருஷம் தபால்காரர். ஏழு வயதில் அம்மா பெயருக்கு வந்த கடிதத்தை ஆசையாகப் பிரித்ததற்கு அவன் வாங்கிய அறை இன்னும் காதில் கேட்கும். உறையில் யார் பெயரோ அவர்தான் திறக்க வேண்டும். அந்த வீட்டில் அது வேதம். லியான் இருந்தபோதும் அவள் கடிதத்தை அவன் தொட்டதில்லை. செத்துப்போனவளின் கடிதத்தை எப்படித் தொடுவான்? வந்ததை எல்லாம் வரிசையாகச் செருகி வைத்தான். அவள் வந்தால் பார்த்துக்கொள்வாள் என்கிற மாதிரி.

"சார், இருக்கீங்களா?"

"எடுத்து வெச்சுட்டுக் கூப்பிடறேன்" என்று போனை வைத்துவிட்டான்.

வைத்தவன் சும்மா உட்கார்ந்தே இருந்தான். மணி இரண்டு, இரண்டரை, மூன்று.

*

மூன்றேகாலுக்கு டோனா வந்தாள். லியானின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. தங்கை போன நாளிலிருந்து நாள் தவறாமல் வருகிறாள். துணி மடிப்பாள், பீன்ஸ் சூடு பண்ணுவாள், டேரனின் சோம்பேறித்தனத்தைத் திட்டுவாள்.

"என்ன மூஞ்சி இது? யார் மேல பஸ்ஸ விட்டே?"

சொன்னான். அவள் முகம் மாறியது. கண் நேராகக் கடிகாரத்துக்குப் போனது.

"குடு. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துத் தரேன்."

"ஆறு மணிக்குள்ள நம்பர் வேணும் டோனா. வீட்டுக்கு எதுக்கு?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும். எத்தனை தடவை சொன்னேன், எங்கிட்ட குடுத்துடுன்னு."

உண்மைதான். ஜனவரியிலிருந்து வாரம் ஒரு தடவை கேட்கிறாள். பாசத்தில் கேட்கிறாள் என்றுதான் அவனும் நினைத்திருந்தான்.

"கஷ்டமாத்தான் இருக்கும். இருக்கட்டும்" என்று எழுந்தான்.

வெண்ணெய்க் கத்தியால் முதல் உறையைக் கிழித்தான். கிழிகிற சத்தம் கேட்டதும் அப்பாவின் கை ஓங்கியது போலத் தோள் குறுகியது. நூலக அட்டை முடிந்துவிட்டதாம். இரண்டாவது, கண் பரிசோதனைக்கு வரச் சொல்லி. 'நீங்கள் எங்களைப் பார்த்து இரண்டு வருடமாகிறது' என்று எழுதியிருந்தது. மூன்றாவதும் நான்காவதும் ஏதோ விளம்பரம். ஐந்தாவது பழுப்பு உறை, உள்ளே கடிதத்தின் வலது மூலையில் எண்.

மறுபடி நாற்பது நிமிடம் பியானோ. அதிர்ஷ்டம், அதே நியூகாசில் பெண். எண்ணைப் படித்தான். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"மூடியாச்சு சார். இப்ப உங்க விண்ணப்பத்தைத் தொடருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பெயர், பிறந்த தேதி, வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். வரிசையாகத் தட்டினான். அடுத்த பக்கம் வந்தது.

'துணைவருடன் வசிக்கிறீர்களா?'

ஆம். இல்லை. இரண்டு வட்டங்கள்.

விரல் நின்றுவிட்டது.

இறப்புப் பதிவை டோனா போய்ச் செய்தாள். சவப்பெட்டியை மாமனார் தேர்ந்தெடுத்தார். கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை. யோசித்துப் பார்த்தால் லியான் இல்லை என்று டேரன் இதுவரை எவரிடமும் எழுத்தில் சொல்லவில்லை. கேட்ட ஒரே இடத்தில் ஒன்றும் மாறவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறான்.

ஜன்னலோரத்தில் அவள் போன் கிடந்தது. அவள் டீ மக் கொக்கியில் தொங்கியது. மாடிப்படியின் நாலாவது படி கிறீச்சிட்டால் அவள்தான் இறங்கி வருகிறாள் என்று இன்னும் காது நிமிர்கிறது. இதில் எதைப் பார்த்து 'இல்லை' என்பது?

"சார், அவசரமில்லை" என்றாள் போனில் இருந்தவள்.

அவசரம் இருந்தது. மணி ஐந்து.

"அமுக்கு டேரன்" என்றாள் டோனா.

"நீ அமுக்கேன். உன் தங்கச்சிதானே. ப்ளீஸ்."

டோனா சூடு பட்டவள் மாதிரி ஓரடி பின்னால் போனாள். "என்னால முடியாது. எங்கிட்ட கேக்காத."

அவள் குரலில் இருந்தது துக்கம் மட்டும்தானா என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. கண்ணை மூடினான். முள்ளெலி தெரிந்தது, அதன் மூக்கைத் தொடுகிற சின்ன விரல் தெரிந்தது.

"லியான், மன்னிச்சுடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, 'இல்லை'யை அமுக்கினான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. உறுதிமொழி, சமர்ப்பி. 'விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, ஏழு நாட்கள் வரை ஆகலாம்' என்று திரை சொன்னதும் டேரன் எழுந்தே நின்றுவிட்டான். "பயப்படாதீங்க, அது எல்லாருக்கும் சொல்றதுதான். நான் உங்க சம்பள விவரத்தைப் பாத்துட்டேன்" என்றாள் நியூகாசில். ஐந்து இருபத்தெட்டுக்குப் பதினோரு இலக்கங்கள் திரையில் வந்து நின்றன.

அவன் அந்தப் பெண்ணுக்கு மூன்று தடவை நன்றி சொன்னான். உடனே மோரீனைக் கூப்பிட்டு எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தான். மறுமுனையில் அவள் திருப்பிப் படித்தாள். பிறகு கணினியில் தட்டினாள்.

"மோரீன்?"

"இருப்பா, இந்தக் கம்ப்யூட்டருக்கு என் வயசு... ஆங், வந்துடுச்சு. செல்லும்னு காட்டுது. இன்னித் தேதி. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் கவலையில்ல. மூணு மாசத்துல மறுபடி புதுப்பிக்கணும், உன் போனுக்கே செய்தி வர மாதிரி வெச்சுக்கோ." அவளுக்கும் மூக்கடைத்தது. "நர்ஸம்மாவுக்கு நான் ஏதாவது சமாதானம் சொல்லிக்கிறேன். நீ ஆறுக்குள்ள வந்து உன் பொண்ண கூட்டிட்டுப் போ. முள்ளெலிக்கு முத்தம் குடுத்து ஈரமாக்கி வெச்சிருக்கா."

டேரன் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தான். ஐந்தரை மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது.

திரும்பிப் பார்த்தபோது டோனா மிச்சமிருந்த நாலு கடிதங்களைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதையும் குடு. ஆரம்பிச்சாச்சு, இன்னிக்கே முடிச்சிடறேன்."

"நம்பர்தான் கிடைச்சாச்சே. குழந்தையைப் போய்க் கூட்டிட்டு வா, நேரமாச்சு."

"டோனா." அவன் கையை நீட்டினான். "குடு."

அவள் கொடுத்தாள். ஒரு கணம் விடாமல் பிடித்திருந்துவிட்டுக் கொடுத்தாள்.

மேலே இருந்தது வெள்ளை உறை. மூலையில் நங்கூரம் வரைந்த முத்திரை. போன வாரம்தான் வந்தது. கத்தியைத் தேடாமல் விரலாலேயே கிழித்தான்.

விட்பியில் ஒரு நர்சரி. 'அன்புள்ள லியான், ஏப்ரல் பருவத்தில் ஐவியை வரவேற்க ஆவலாக இருக்கிறோம். அக்டோபரில் நீங்கள் நேரில் வந்தபோது நிரப்பிய படிவத்தின் நகலை இணைத்துள்ளோம். விவரங்கள் சரிதானா என்று பார்த்து, முதல் நாள் கொண்டு வரவும்.'

படிவத்தை விரித்தான். லியானின் கையெழுத்து. ஐவியின் பெயரில் முதல் எழுத்துக்கு அவள் போடுகிற அந்தச் சுழி. மேலே தேதி: அக்டோபர் 14.

அப்படியானால் அந்தப் பாதை. மலை இறங்கி அவள் திரும்பி வந்துகொண்டிருந்த பாதை. இத்தனை நாள் பேருந்துக் கதவைத் திறந்து திறந்து அவன் எதிர்பார்த்த பதில், கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு வாரமாக நின்றிருக்கிறது.

கண் கீழே இறங்கியது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: டோனா, பெரியம்மா. அதற்குக் கீழே, வேறு அச்சில், ஆனால் அதே கேள்வி.

'துணைவருடன் வசிக்கிறீர்களா?'

லியான் 'இல்லை'யில் குறி போட்டிருந்தாள். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. நீல மையில் ஒரே இழுப்பு. அவனால் இன்று செய்யவே முடியாமல் தவித்த அந்த ஒன்றை, அவள் உயிரோடு இருந்தபோது, அவனும் உயிரோடு இருக்கும்போதே, ஒரே இழுப்பில் செய்துவிட்டுப் போயிருந்தாள்.

ஜன்னலோரத்தில் போன் சிணுங்கியது. மோரீனின் செய்தி. 'அன்புள்ள லியான், ஐவியின் இடம் உறுதியாகிவிட்டது. நன்றி.'

டேரன் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். டோனா கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றான்.

ஆமாம் என்று அவள் தலையாட்டினாள்.

"உன்னை விட்டுப் போறதை அவளே சொல்றதாத்தான் இருந்தா, டேரன். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும்."